பிராயம் முதிர்ந்த சைகஸ்
தாமிரபரணிக் கரையூர்களில் வீட்டு முற்றத்திற்கென ஒரு சைகஸை நாடுபவர், நிழல்வலைக்குள் தொட்டியில் ஒடுங்கி வளர்ந்ததைக் காட்டிலும், திறந்த மண்ணில் வேரோடிப் பல வருஷங்கள் வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்கி நின்றதையே தேர்ந்தெடுப்பது உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதன் அடிமரத்தில், கழிந்துபோன மட்டைகளின் அடிப்பாகங்கள் மீன்செதிலென வரிசைவரிசையாய்ப் படிந்து, அம்மரம் கடந்த காலத்தையே ஒரு சிற்ப வேலைப்பாடாக நிறுத்தியிருக்கும் சௌந்தரியத்திற்கு ஈடு வேறில்லை. அந்த அடிமரத்தை விரலால் அழுத்திப் பார்த்தல் அவசியம். மெத்தென்று அமுங்குமாயின் உள்ளே அழுகல் புகுந்துவிட்டது. மட்டைகளின் செழிப்பில் மயங்க வேண்டாம். பெயர்த்து நடும்போது அவற்றில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவதே வழக்கம்.

ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்களாகிய இவ்வினத்தில், பூங்கூம்பு தோன்றும்வரை பேதம் புலப்படாதாகையால், முதிர்ந்த மரத்தை வாங்குபவருக்கே அந்த நிச்சயம் வாய்க்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775-இல் லண்டன் கியூ தோட்டத்தை அடைந்த சைகஸின் உறவினமான விருட்சமொன்று இன்றும் ஜீவித்திருக்கிறது என்றால், இத்தேர்வு பேரப்பிள்ளைகளுக்கும் உரியதன்றோ!

ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இயல்பாய் வளர்ந்து, அழிவின் அபாயத்தில் நிற்கும் சைகஸ் வகையாகிய மதனகாமப்பூ மரத்தை அங்கிருந்து தோண்டி வருவது எவ்வகையிலும் தகாது; தோட்டத்தில் வளர்த்ததென்று உறுதியானதையே வாங்க வேண்டும். வாங்கியதை நம் நஞ்சைக் களிமண்ணிலோ மேடு கட்டி, மணல் கலந்து, நீர் தேங்காதபடி நடவேண்டும்.