இருக்கிறது என்றால், எங்கே?

ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்பவர் அதை நம் கண்முன் காட்டக் கடமைப்பட்டவரா, அன்றி அது இல்லாமலிருக்க முடியாது என்று வாதித்துவிட்டால் போதுமா என்னும் வினா நியாயஸ்தலத்தில் எழுந்தால் நமக்கு வியப்பிராது. ஐயத்துக்கே இடமில்லாத சாஸ்திரம் என்று நாம் போற்றும் கணிதத்தின் உள்ளேயே அது எழுந்து, அதன் பெரும் பண்டிதர்களை இரு கட்சிகளாகப் பிரித்துவிட்டது என்பதுதான் வியப்பு. எழுப்பியவர் ஹாலந்து தேசத்து எல். இ. ஜே. பிரௌவர். 1907இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் அளித்த ஆராய்ச்சி நூலிலும், தர்க்க விதிகள் நம்பத்தக்கவையல்ல என்று தலைப்பிலேயே அறிவித்த 1908ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் உருவெடுத்த கொள்கையே உள்ளுணர்வுவாதம் எனப்படுவது.

அவருடைய மனக்குறை என்னவென்று ஓர் உதாரணத்தால் அறியலாம். விகிதமுறா எண் ஒன்றை, விகிதமுறா எண் ஒன்றின் அடுக்குக்கு உயர்த்தினால், விகிதமுறு எண் விடையாக வருவதுண்டா? உண்டு என்று இரண்டே வரிகளில் நிரூபிப்பார்கள். இரண்டின் வர்க்கமூலத்தை அதே வர்க்கமூலத்தின் அடுக்குக்கு உயர்த்துங்கள். விடை விகிதமுறு எண்ணானால் கேட்டது கிடைத்துவிட்டது. ஆகாதெனில், அந்த விடையையே மறுபடியும் இரண்டின் வர்க்கமூல அடுக்குக்கு உயர்த்துங்கள், சரியாக 2 வந்து நிற்கும். முதன்முறை இதைப் படிக்கும் மாணவனுக்கு உண்டாகும் ஆனந்தத்தை நான் அறிவேன். ஆனால் அவனே, அப்படியானால் எந்த ஜோடி என்று கேட்கும்போது, நிரூபணத்திடம் விடையில்லை. இதற்கு மாறாக, 2ஐ அடியாகக் கொண்ட 9இன் மடக்கையை எடுத்து, இரண்டின் வர்க்கமூலத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 3 வருகிறது. அந்த மடக்கை விகிதமுறு எண்ணாயிருந்தால் 2இன் அடுக்கு ஒன்று 9இன் அடுக்கு ஒன்றுக்குச் சமமாகி, இரட்டையும் ஒற்றையும் ஒன்றாகிவிடும். இங்கே பொருள் கையில் இருக்கிறது. இரண்டு நிரூபணங்களும் ஒரே தரத்தன என்று அதுவரை நம்பிய கணித உலகுக்கு அவற்றிடையே உள்ள பேதத்தை உணர்த்தியதே பிரௌவரின் அழியாத தொண்டு என்பது என் துணிபு.

ஒரு கூற்று மெய் அல்லது அதன் மறுப்பு மெய், மூன்றாவது இல்லை என்னும் நடு விலக்கு விதியில்தான் அவர் குற்றம் கண்டார். ஒரு பெட்டியிலுள்ள புளியங்கொட்டைகளில் சொத்தை உண்டா இல்லையா என்பதற்கு அந்த விதி பிழைபடாது, ஏனெனில் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் இரு பகா எண்களின் கூட்டுத்தொகை என்று, 1742இல் கோல்ட்பாக் ஆய்லருடன் நடத்திய கடிதத் தொடர்பிலிருந்து வழங்கிவரும் அனுமானத்தைச் சோதிக்க, கவிழ்த்துக் கொட்டக்கூடிய பெட்டி ஏதுமில்லை. பரிமிதமான கூட்டங்களில் பழகிய விதியை அனந்தத்தின்மேல் ஏற்றியது எந்த அதிகாரத்தால் என்ற அவர் கேள்வி மிக நியாயமானது.

நியாயமான கேள்வியிலிருந்து அவர் கட்டிய மாளிகையோ எனக்கு முழுதும் உடன்பாடன்று. கணிதம் மனத்தின் தனிச் செயல், மொழி அதன் மங்கலான நிழல் என்று கொண்டால், ஒருவர் மனத்தில் நிகழ்ந்த நிர்மாணத்தை மற்றொருவர் சோதிப்பது எங்ஙனம்? மேலும், 0 முதல் 1 வரை எங்கும் வரையறுக்கப்பட்ட சார்பு ஒவ்வொன்றும் தொடர்ச்சியுடையதே என்ற அவருடைய தேற்றம், ஏனைய கணிதர்கள் அன்றாடம் கையாளும் துள்ளற்சார்புகளையே விலக்கிவிடுகிறது. நடு விலக்கு விதியைக் கணிதரிடமிருந்து பறிப்பது வானநூலாரிடமிருந்து தொலைநோக்கியைப் பறிப்பதற்கு ஒப்பானது என்று கணிதர் ஹில்பர்ட் சினந்ததில் மிகை இருப்பினும் காரணமும் இருந்தது. 1921இல் பிரௌவர் பக்கம் ஆர்வத்தோடு சேர்ந்த ஹெர்மன் வைலே பின்னர் விலகி நின்றார்.

கொள்கை பிழைத்ததோ, பிரௌவர் நம்பாத மொழியின் துணையால்தான். 1930இல் அவர் மாணவர் ஹைட்டிங் அதன் தர்க்கத்தைக் குறியீடுகளில் எழுதிவைத்தார். அதனால்தான் 1933இல் தர்க்கவியலார் கோடெல், பழைய எண்கணிதம் முழுவதையும் இந்தத் தர்க்கத்துக்குள் மொழிபெயர்த்துவிடலாம் என்று காட்ட முடிந்தது. ஆகவே எண்கணிதத்தைப் பொறுத்தவரை இந்தத் தர்க்கம் பழைய தர்க்கத்தைவிடப் பத்திரமானது என்ற பெருமை நிலைக்கவில்லை. பகுத்துப் பார்க்கும் நுட்பம் என்ற பெருமையே நிலைத்தது. 1967இல் கணிதர் பிஷப், நடு விலக்கை வேண்டாமலும், பிரௌவரின் மனத் தத்துவத்தை வேண்டாமலும், பகுப்பாய்வின் பெரும்பகுதியைப் புதிதாகக் கட்டிக் காட்டினார். நிரூபணத்தைக் கணிப்பொறி நிரலாகவே வாசிக்கும் இன்றைய வழக்கமும் இந்த வேரிலிருந்து கிளைத்ததே.

பிரௌவரின் நேர்மையில் எனக்குள்ள மதிப்பு வேறு. அவர் பெயரை நிலைநாட்டிய நிலைப்புள்ளித் தேற்றம் இளமையில் அவர் நிரூபித்தது. வட்டத்தட்டு ஒன்றைத் தொடர்ச்சி கெடாமல் எப்படித் தன்மேலேயே பொருத்தினாலும் நகராத புள்ளி ஒன்றேனும் இருக்கும் என்பது அது. அந்தப் புள்ளி எங்கே என்று அவருடைய நிரூபணம் சொல்லவில்லை. அவருடைய சொந்த அளவுகோலுக்கே அது ஒவ்வாதது. 1952இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், அவர் அதைத் திருத்தி வெளியிட்டார்: நகராத புள்ளியைக் காட்டித் தர இயலாது, நாம் எவ்வளவு சிறிய தூரத்தைக் குறிப்பிட்டாலும், அதனினும் குறைவாகவே நகரும் புள்ளி ஒன்றைக் கண்டெடுத்துத் தர இயலும்.