கம்பம் ரோட்டுக்குத் தனித்தடம் பொருந்துமா?

வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். தேனியிலிருந்து குமுளி வரை ஊர்கள் ஒரே ரோட்டில் வரிசையாக இருக்கின்றன. பஸ்ஸுக்கென்று தனித்தடம் போட இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்று வரைபடம் சொல்லும்.

இரண்டு ஊர்களை இணைக்கும் அப்படியொரு தடம் கர்நாடகத்தில் ஹூப்ளிக்கும் தார்வாடுக்கும் நடுவே இருக்கிறது. சுமார் 22 கி.மீ. நீளமுள்ள அதில் 2018 முதல் பஸ்கள் ஓடுகின்றன. நிறுத்தங்களில் முந்திச் செல்ல இடம் விட்டிருப்பதால், நின்று போகும் வண்டிக்குப் பின்னால் நிற்காத வண்டி மாட்டிக்கொள்வதில்லை. மேடையும் பஸ்ஸின் தளமும் ஒரே மட்டம். டிக்கெட்டும் ஏறும் முன்பே வாங்கியாகிவிடும். டெல்லியில் நடந்தது வேறு. அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 5.8 கி.மீ. தடத்தை 2008-இல் திறந்தவர்கள், பத்து வருடம்கூட ஆகுமுன் பிரித்துவிட்டார்கள். சிக்னலில் நின்ற கார்க்காரர்களின் கண்ணுக்குப் பக்கத்துத் தடம் காலியாகவே பட்டது. ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போவதை யாரும் எண்ணவில்லை.

நம் பள்ளத்தாக்கில் சிக்கல் வேறிடத்தில். ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயலும் தென்னந்தோப்பும்தான். அங்கே பஸ் ஏற்கெனவே பறக்கிறது, தடம் போடுவது வீண் செலவு. நேரம் கரைவது ஊருக்குள். தேனி நேரு சிலை முக்கில் மதுரை, பெரியகுளம், கம்பம் ரோடுகள் மூன்றும் முட்டிக்கொள்கின்றன. புறவழிச்சாலை வந்து லாரிகளும் சபரிமலை வண்டிகளும் ஓரளவு வெளியே போனபின், ஊர் ரோட்டில் கிடைத்த இடத்தை பஸ்ஸுக்குக் கொடுத்திருக்கலாம். அதற்குள் பைக்குகள் வரிசை கட்டிவிட்டன. அதே புறவழிச்சாலை, தூரத்து பஸ்களுக்கு ஊருக்குள் வராமல் நழுவ வழியும் காட்டிவிட்டது. இரவில் மூட்டையோடு பைபாஸில் இறங்குகிறவருக்கு மிச்சமான கால் மணி நேரத்தால் என்ன லாபம்?

இன்னொன்று, திட்டம் போடுகிறவர்கள் பஸ்ஸில் ஏறுகிறவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும். விடிவதற்கு முன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்காரும் பெண்கள் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள். தேனி ரோட்டில் எத்தனை அழகான தடம் போட்டாலும் அது அவர்களைத் தொடாது.

முழுத் தடம் வேண்டாம், அதன் உறுப்புகளில் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் கட்சி: தாழ்வான படி, ஏறும் முன் டிக்கெட், நேரு சிலை முக்கில் பஸ்ஸுக்கு முதல் பச்சை. அரைகுறையாகச் செய்தால் எதுவும் நிலைக்காது என்பார்கள் வல்லுநர்கள். அதில் நியாயம் உண்டு. புனேயில் 2006-இல் தொடங்கிய தடத்துக்குள் பைக்குகள் புகுந்துகொண்டன. கோடு கிழிப்பது ஒரு நாள் வேலை, காவல் காப்பது தினசரி வேலை. நகராட்சி, போலீஸ், நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் கழகம் என நான்கு பேர் கையிலிருக்கும் ரோட்டில் அதை யார் செய்வது என்று எழுதி வைத்த பிறகு பெயின்ட் வாங்கலாம். விடியற்காலை மெட்டு ஏறும் பஸ்களைக் கூட்ட அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.