விற்காத மஞ்சளின் விலை

ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் விவசாயியிடம் "வித்தாச்சுங்களா?" என்று கேட்டால், "இருக்குதுங்க, பார்க்கலாம்" என்ற பதில்தான் அடிக்கடி வரும். அந்தப் 'பார்க்கலாம்' மூன்று மாதமும் ஆகலாம், ஐந்து வருடமும் ஆகலாம். வேகவைத்து, காயவைத்து, பாலீஷ் போட்டு, மூட்டைகளை அட்டி போட்டுவிட்டு விலைக்காகக் காத்திருக்கும் இந்தப் பழக்கத்தைப் பேராசை என்று சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காத்திருப்பதில் தவறில்லை, எதை வைத்துக் காத்திருக்கிறோம் என்பதில்தான் கோளாறு.

முதலில் இதன் பலம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டு வருபவருக்குக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. சாயங்காலத்துக்குள் பெட்டியில் நீர்விட ஆரம்பித்துவிடும். மஞ்சள் அப்படியல்ல. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ சாம்பிள் வைத்து, வியாபாரிகள் விலை எழுதிய பிறகும், கட்டவில்லை என்றால் அன்றைக்குக் கொடுக்காமல் திரும்பிவிடலாம். நம் விவசாயத்தில் 'முடியாது' என்று சொல்லும் உரிமை கிடைப்பது அபூர்வம். அதோடு அட்டி ஒரு சேமிப்புக் கணக்கும்கூட. பள்ளிக்கூடக் கட்டணத்துக்குப் பத்து மூட்டை, மோட்டார் பழுதுக்கு ஐந்து என்று எடுத்து விற்கலாம். விற்காமலே பணம் வேண்டுமென்றால் விற்பனைக்கூடத்துக் குடோனில் வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம்.

சிக்கல் 2010-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. வீடுகளுக்கு மாடி எழும்பியது, எல்லோரும் மஞ்சள் நட்டார்கள், 2012-இல் விலை 5,000-க்கும் கீழே விழுந்தது. எங்கள் பெரியப்பா 2011 அறுவடையில் நாற்பது மூட்டையை நிறுத்தி வைத்தார். ஒன்பதாயிரத்துக்குக் கேட்டபோது, "பதினஞ்சு பார்த்த மஞ்சள் இது" என்று கொடுக்கவில்லை. ஐந்துக்கு வந்தபோது, ஒன்பதை விட்டுவிட்டு ஐந்துக்குக் கொடுப்பதா என்று கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் ஒப்பிட்டது போன விலையோடு. வரப்போகும் விலையைப் பற்றி அவருக்கு எந்தக் கணக்கும் இல்லை. பிடிவாதத்தையே தன்னம்பிக்கை என்று நாங்களும் நம்பினோம்.

அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த மூட்டைகள் இல்லை, அதற்கான பணம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய விலைக்குச் சந்தைக்குப் போய் நாற்பது மூட்டை மஞ்சள் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால், விற்காமல் இருப்பதற்கும் காரணம் இல்லை. கையில் இருப்பதை விற்காமல் வைப்பது, அன்றைய விலைக்கு அதைத் திரும்ப வாங்குவதற்குச் சமம்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். குவிண்டால் 7,000 விற்கும்போது நிறுத்தி வைத்து, குடும்பச் செலவுக்கு வெளியில் ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறார் ஒருவர். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். 7,000-க்கு மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 5,040. அதாவது 12,040-க்கு விற்றால்தான் அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். எடை குறைவது, வண்டு துளைப்பது, நிறம் மங்கிப் 'பழைய மஞ்சள்' என்று விலை குறைத்துக் கேட்பது, இதெல்லாம் அதற்கு மேல். 12,000-க்கு விற்றவர் குவிண்டாலுக்கு ஐந்தாயிரம் லாபம் என்று டீக்கடையில் சொல்வார். கேட்பவரும் தன் அட்டியை இன்னொரு வருடம் வைப்பார்.

2024-இல் விலை மறுபடி 15,000-ஐத் தாண்டியது. காத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள் என்ற பேச்சுக்கு அதுதான் சாட்சி. இடையில் பத்து வருடத்துக்கு மேல் பெரும்பாலும் 10,000-க்குக் கீழேயே கிடந்ததை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.

விலை முன்னறிவிப்பு இல்லாமலும் இல்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. முன்பேர வணிகமும் நடக்கிறது. ஆனால் முன்பேரச் சந்தையில் ஒரு லாட் ஐந்து டன், முதன்மை ஒப்படைப்பு மையம் தெலங்கானாவின் நிஜாமாபாத். ரெண்டு ஏக்கர்காரரின் மொத்த மகசூலே அவ்வளவுதான் வரும். வியாபாரி தினமும் வரத்தைப் பார்க்கிறார், விவசாயி தன் அட்டியை மட்டும் பார்க்கிறார். மண்டியில் முன்பணம் வாங்கி, மூட்டையையும் அங்கேயே இறக்கியவர் நிலை இன்னும் மோசம். முடியாது என்று சொல்லும் உரிமையையும் சேர்த்தே இறக்கி வைத்துவிட்டார்.

என் பங்குக்கு நான் மெச்சுவது மாமா ஒருவரின் முறையை. மஞ்சள் சந்தைக்கு வந்ததும் பாதியை விற்று எல்லாக் கடனையும் அடைத்துவிடுவார். மீதிக்கு அட்டிக்குப் பின்னால் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் தேதி எழுதுவார்: ஆடி 18. அன்றைக்கு என்ன விலையோ அதற்குப் போகும். குறை இல்லாத முறை அல்ல இது. 2022 ஆடியில் அப்படிக் கொடுத்தார். அடுத்த ஆடிக்குள் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. அத்தை இன்றைக்கும் சோறு போடும்போது அதைச் சொல்லிக் காட்டுவார். "அந்த வருசம் நட்டம்தான்" என்று மாமா மறுக்காமல் ஒப்புக்கொள்வார். சுவரில் இந்த வருடத் தேதியும் எழுதியிருக்கிறது.