தரங்கம்பாடியேதான், வேறு பேச்சே வேண்டாம்!

மே மாத லீவு நெருங்கிவிட்டால் எங்கள் மயிலாப்பூர் வீடுகளில் ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும் பாருங்கள், "இந்தத் தடவை எந்தக் கடலுக்குப் போகலாம்?" என்று. ஒருத்தர் மகாபலிபுரம் என்பார், ஒருத்தர் பாண்டிச்சேரி என்பார், பெரியம்மா ராமேஸ்வரத்தை விட்டு இறங்கவே மாட்டார். நான் ஒருத்தன் மட்டும் தரங்கம்பாடி, தரங்கம்பாடி என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். சொல்வேன், இன்னும் சொல்வேன், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை விடப்போவதில்லை!

மற்ற ஊர்கள் அழகில்லையா? அழகுதான். ஆனால் மகாபலிபுரம் 55 கிலோமீட்டர், காலையில் போனால் ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம், லீவுக்குப் போன மாதிரியே இருக்காது. பாண்டிச்சேரிக்குச் சனிக்கிழமை போனால் பெசன்ட் நகர் கூட்டம் முழுக்க நமக்கு முன்னால் போய் நிற்கிறது. தனுஷ்கோடி பிரமாதம், ஆனால் 1964 புயலில் போன ஊரின் இடிந்த சுவர்களுக்கு நடுவே எனக்குக் குதூகலம் வராது, மனசு கனத்துப் போகும். எனக்கு வேண்டியது தெருவும் கோயிலும் கோட்டையும் கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற சின்ன ஊர், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே முழுசாகப் பார்த்துவிடக்கூடிய ஊர்.

நினைத்துப் பாருங்கள், மாயவரம் பக்கமிருந்து வருகிறீர்கள், வழியெல்லாம் வயல், பஸ்ஸிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் வெள்ளை வெளேரென்று ஒரு வாசல்! டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டிய நகர வாசல், அதற்குள் இன்றைக்கும் சைக்கிளும் ஆட்டோவும் போய் வருகின்றன. அதைத் தாண்டினால் ராஜா தெரு, இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், சர்ச்சுகள். கடல் இன்னும் கண்ணில் படவில்லை, ஆனால் சத்தம் வந்துவிடுகிறது. அப்புறம் காற்று வருகிறது. எனக்கு அங்கேயே கால் நிற்காது, பெட்டியை அறையில் போடக்கூடப் பொறுமை இல்லாமல் தெருக்கோடிக்கு ஓடியிருக்கிறேன், ஓடினால் அதோ, வானம் பூராவும் கடல்!

வலது கைப்பக்கம் திரும்பினால் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி இதை எழுப்பியவர் ஓவே கெட்டே என்கிற கடற்படைத் தலைவர். அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? 25! டென்மார்க்கிலிருந்து இத்தனை கடல் தாண்டி வந்து நம் சோழநாட்டு மணலில் கோட்டை கட்ட ஒரு 25 வயதுப் பிள்ளை! நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு ஓலை வடிவத்தில் தங்கத் தகட்டிலேயே கடிதம் எழுதி அனுப்பினார், அது இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகிறவரை டேனிஷ்காரர்கள் இந்த ஊரைக் கையில் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் அந்த மேல்தளத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, பீரங்கிக்கு அப்பால் அலையைப் பார்த்துக்கொண்டே யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது ஐயா, எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கிறது!

ஆனால் தரங்கம்பாடி தன்னை முழுசாகக் காட்டுவது விடியற்காலையில்தான். அஞ்சு மணிக்கு எழுந்துவிடுங்கள், காபியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கெஞ்சிக் கேட்கிறேன், எழுந்துவிடுங்கள்! மாசிலாமணிநாதர் கோயில் தண்ணீர் ஓரத்திலேயே நிற்கிறது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், ஏழு நூற்றாண்டாகக் கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயும் சிவன் அசையவில்லை, எடுத்துக் கட்டி, கல்லைக் கொட்டிக் கரை போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே போய் நில்லுங்கள், கொண்டல் காற்று முகத்தில் உப்பாக அடிக்கும், கிழக்கே முதலில் சாம்பல், அப்புறம் ரோஜா, அப்புறம் எங்கிருந்தோ ஒரு செம்பு நிறம் கசிந்து வரும், ராத்திரி வலை விரிக்கப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கறுப்புப் புள்ளியாய்த் தெரியும், புள்ளி படகாகும், படகில் ஆள் தெரியும், ஆள் குரல் கேட்கும், அதற்குள் சூரியன் விளிம்பு கடலுக்கு மேலே வந்து கோட்டைச் சுவரில் முதல் வெளிச்சத்தைப் போட, அந்த மங்கின சுவர் சட்டென்று மாம்பழ நிறமாக மாறும் பாருங்கள், நான் கை தட்டிவிட்டேன், சத்தமாக, வலை இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, 2004 சுனாமி அடித்துப்போட்ட அதே கரை இது, அடிபட்டு எழுந்து, பழைய வீடுகளையும் பழுதுபார்த்து நிமிர்த்திக்கொண்டு, இப்படி ஒரு காலையை நமக்குக் கொடுக்கிறதே என்று நினைத்தால் சந்தோஷத்தை எங்கே வைப்பது?

தமிழ் வாசிக்கிற யாருக்கும் இந்த ஊரோடு ஒரு சொந்தம் வேறு உண்டு. 1706-இல் கப்பலில் வந்திறங்கிய சீகன்பால்கு, ஜெர்மன்காரர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன, அவை பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. சரி, சின்ன எழுத்தை நாமே வார்ப்போம் என்று பக்கத்துப் பொறையாரிலேயே வார்த்தார்கள், அதற்கான ஈயம் இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் மூடியிலிருந்து கிடைத்தது என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்! 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-ஆம் வருஷத்தது, முகப்பில் டேனிஷ் ராஜாவின் கிரீடம் இன்னும் இருக்கிறது. அடுத்த வருஷமே, 36 வயதில், அவர் போய்விட்டார், உள்ளேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றபோது, வீட்டில் அலமாரி அலமாரியாய் அடுக்கி வைத்திருக்கிற என் தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, வாய்விட்டு நன்றி சொல்லிவிட்டேன்.

குறை என்று கேட்டால், விதவிதமான ஹோட்டல்கள் கிடையாது, மே மாத மத்தியான வெயில் தலையைப் பிளக்கும். அவ்வளவுதான்! டிசம்பர் கடைசியில் மழை விட்டதும் போனால் வெயில் பேச்சும் இல்லை.

எனக்குத் தாங்காத ஒன்று இருக்கிறது. நம் மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் யாருக்கு அறுபதாம் கல்யாணம் என்றாலும் திருக்கடையூருக்குத்தானே வேன் பிடிக்கிறோம்? அபிராமியைப் பார்க்கிறோம், இலையில் சாப்பிடுகிறோம், உடனே வண்டியைச் சென்னைக்குத் திருப்பிவிடுகிறோம். அங்கிருந்து 7, 8 கிலோமீட்டரில் கடல் இப்படிக் காத்துக்கொண்டிருக்கிறது! அடுத்த பத்திரிகை வந்தால் ஒரு ராத்திரியைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசேஷம் ஒன்றும் இல்லையென்றால் எழும்பூரில் காலையில் சோழன் எக்ஸ்பிரஸ், மாயவரத்தில் இறங்கிப் பொறையார் பஸ். தங்குவதற்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், ஊர் சின்னது, இடம் கிடைக்காமல் காரைக்காலில் போய்ப் படுத்துவிட்டால் அந்த விடியற்காலை கைதவறிப் போய்விடும், அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது!