மூன்று சுழி தெரியும் அளவு

மனம், மணம். புதிதாக ஒரு திரை கைக்கு வந்ததும் நான் முதலில் தட்டிப் பார்க்கும் சொற்கள் இவை. சிறுவயதில் அப்பா இவற்றைச் சிலேட்டில் எழுதிக் காட்டி, "சுழிய எண்ணிப் பாரு" என்பார். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. திரையில் எழுத்து சிறுக்கச் சிறுக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும். அது அடைபட்டால் மனமும் மணமும் ஒன்றாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி ஒரே பிக்சலாகத் தேய்ந்து கண்ணுக்குத் தப்பும். சுழிக்குள் வெளிச்சம் புகும் மிகச் சிறிய அளவு எதுவோ, அதுவே என் கண்ணுக்குச் சரியான அளவு.

அந்த அளவைத் தேடுவதற்கு டைலிங் விண்டோ மேனேஜரைப் போல நல்ல பட்டறை வேறில்லை. தரையில் டைல்ஸ் பதிப்பதுபோல, திறக்கும் ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் பதித்துத் திரை முழுவதையும் நிரப்பும் மென்பொருள் இது. 1985-ல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பிலும் ஜன்னல்கள் இப்படித்தான் அடுத்தடுத்து நின்றன. பிறகு ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கும் வழக்கமே உலகெங்கும் பரவியது. பதிக்கும் மரபை 2006-ல் டிடபிள்யூஎம், 2007-ல் எக்ஸ்மோனாட், 2009-ல் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் எழுதிய ஐ3 என்று லினக்ஸ்காரர்கள் வளர்த்தெடுத்தார்கள்.

அடுக்கும் முறையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஜன்னலையும் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மிஞ்சுவது அடியில் ஒளிந்துகொள்ளும். பதிக்கும் முறையில் ஒளிய இடமில்லை. ஒரு ஜன்னல் அகன்றால் பக்கத்து ஜன்னல் ஒடுங்கியே ஆக வேண்டும். எழுத்து ஒரு புள்ளி வளர்ந்தால் வரிக்கு இத்தனை எழுத்துகள் குறையும் என்பது அந்தக் கணமே கண்முன் தெரியும். இடத்தின் விலை தெரிந்து வைக்கப்படும் எழுத்துக்குத் தனி அழகு உண்டு.

கணக்கு எளியது. அச்சகத்தார் வழியில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள். லினக்ஸ் திரையில் நாம் வேறு சொல்லாதவரை, அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். என் மடிக்கணினி 14 அங்குலம்; திரை 1920-க்கு 1080. அங்குலத்துக்கு உண்மையில் 157 பிக்சல்கள் நெருங்கி நிற்கின்றன. ஆகவே 10 புள்ளி எழுத்து என்று கேட்டால் 13 பிக்சல் சொச்சம்தான் கிடைக்கும். காகிதத்தில் மூன்றரை மில்லிமீட்டர் வரவேண்டியது திரையில் இரண்டேகாலைக்கூட எட்டாது. மூன்று சுழிகள் அங்கே நெரிபடும்.

மருந்து ஒரே வரி. திரை அமைப்புகளை வைத்திருக்கும் எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில், அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்று சொல்லும் எக்ஸ்எஃப்டி டிபிஐ என்ற மதிப்பை மாற்றி எழுத வேண்டும். திரையின் உண்மையான அடர்த்தி 157 ஆயிற்றே, அதையே எழுதலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். 10 புள்ளிக்கு 21.8 பிக்சல் வந்தது. இப்போது 144 வைத்திருக்கிறேன். 144-ஐ 72-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 2. ஒரு புள்ளிக்குச் சரியாக இரண்டு பிக்சல். 9 கேட்டால் 18, 10 கேட்டால் 20, 11 கேட்டால் 22. எந்த அளவும் பின்னமாவதில்லை. அடர்த்தியில் சற்று விட்டுக்கொடுத்து முழு எண்ணை வாங்கிய அந்த மாலையில்தான் இந்த வேலையின் ருசி எனக்குப் பிடிபட்டது.

முழு எண்ணின் பலன் அடுத்த அடியிலேயே தெரிந்தது. திரையை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 960 பிக்சல். டெர்மினலில் எல்லா எழுத்தும் ஒரே அகலம். 20 பிக்சல் உயரத்துக்குச் சுமார் 12 பிக்சல். 960-ஐ 12-ஆல் வகுத்தால் 80. பஞ்ச் அட்டைக் காலத்திலிருந்து நிரலாளர்கள் பழகிவரும் வரி நீளம் அதுவே. ஆனால் முதல் நாள் என் திரையில் 79 தான் வந்தது. ஜன்னலைச் சுற்றி ஓடிய மெல்லிய எல்லைக்கோடு ஓர் எழுத்தின் இடத்தைத் தின்றிருந்தது. கோட்டை எடுத்தேன், டெர்மினலின் உள்விளிம்பையும் எடுத்தேன், மேலே தலைப்புப் பட்டையை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் எண்பது எண்பதாக வந்து அமர்ந்தன. தச்சன் அறுத்த கால், மரத்தின் துளைக்குள் ஆப்பில்லாமல் இறங்கும்போது வரும் நிறைவு அது.

சிற்பிகளுக்குத் தாலம் என்றோர் அளவு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாலம். முகத்தை முடிவு செய்துவிட்டால் கழுத்து, மார்பு, தொடை, பாதம் எல்லாம் அதன் மடங்காகவும் பின்னமாகவும் தாமே வந்துவிடும். நவதாலம், தசதாலம் என்று அவர்கள் வகுப்பது இதைத்தான். டிடபிள்யூஎம்மின் மூலநிரலைப் படித்தபோது அந்தத் தாலத்தையே அங்கும் கண்டேன். மேற்பட்டையின் உயரம் எவ்வளவு? எழுத்துருவின் உயரம், கூட்டல் 2. சொல்லின் இருபுறமும் விடும் இடைவெளி? மறுபடி எழுத்துருவின் உயரத்திலிருந்தே. 2000 வரிகளைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டிக்கொண்டு எழுதப்பட்ட நிரல் அது. எழுத்துருவை மாற்ற வேண்டுமானால் கோப்பைத் திருத்தி, நிரலையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அந்தச் சிரமத்துக்குக் கைமேல் பலன், ஓர் எண்ணைத் தொட்டால் மற்ற எல்லாம் அதன் பின்னே வரும்.

நான் பயன்படுத்தும் ஐ3-இல் இதே எண்ணம் இன்னும் மரியாதையோடு இருக்கிறது. கோடுகளின் தடிமனை அது திரையின் அடர்த்திக்கேற்பப் பெருக்குகிறது. ஆனால் 96-க்கு ஒன்றேகால் மடங்குக்குக் கீழே இருந்தால் பெருக்காமல் அப்படியே விட்டுவிடும். அடர்த்தி சற்றே கூடிய திரையோடு பழகியவர்களின் கண்ணைக் குழப்ப வேண்டாம் என்ற கரிசனம் அது. தாண்டினால் பெருக்கி, மேல்முழு எண்ணாக்கும். என் 144-இல் 2 பிக்சல் கோடு 3 ஆகும்.

வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பின் வழி வந்த ஸ்வே போன்றவர்கள் எழுத்தோடு நிற்காமல் திரை முழுவதையும் ஒரு மடங்கால் பெருக்குகிறார்கள். ஒன்றேகால், ஒன்றரை போன்ற மடங்குகளைச் செயலிகளுக்குச் சொல்ல 2022-ல் ஒரு விதிமுறை வந்தது. அதில் மடங்கை 120-இல் இத்தனை பங்கு என்றே சொல்வார்கள். ஒன்றேகால் என்றால் 150, ஒன்றரை என்றால் 180. 120 என்பது 2, 3, 4, 5, 6, 8 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் எண். முந்திரி என்று 320-இல் ஒரு பங்குக்குப் பெயர் வைத்துக் கணக்குப் போட்டவர்களின் வழியில் வந்த நமக்கு, பின்னத்துக்கு நல்ல அடியெண் தேடுவதன் அருமை புரியும்.

தமிழுக்கு வந்தால் வேலை இன்னும் நுட்பமாகிறது. கி, கீ ஆகியவற்றின் மேல்விலங்கு உயரே சுழலும்; கு, மூ ஆகியவற்றின் வால் கீழே இறங்கும்; கொ என்பது மூன்று எழுத்தின் அகலம் கேட்கும். தலைப்புப் பட்டைக்கு ஆங்கில எழுத்துருவை முதலாவதாக வைத்திருந்த நாளில், பட்டையின் உயரம் அதைக் கொண்டே அமைந்து, மூவின் வால் வெட்டுப்பட்டு நின்றது. தமிழ் எழுத்துருவை முதலாவதாக்கினேன். பட்டை தானே இரண்டு மூன்று பிக்சல் தாழ்ந்து இடம் கொடுத்தது. தாலத்தை எந்த முகத்திலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சென்ற பொங்கலுக்கு அப்பா வந்திருந்தார். பழைய குடும்பக் கடிதங்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். படிக்கட்டும் என்று மடிக்கணினியை அவர் முன் வைத்தேன். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். மடிக்கணினியை வாங்கி 144-ஐ 216 ஆக்கினேன். ஒரு புள்ளிக்கு இரண்டு பிக்சல் இருந்த இடத்தில் மூன்று. சூப்பர், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். ஐ3 இருந்த இடத்திலேயே எழுந்து மறுபடி உட்கார்ந்தது. கடிதத்தை மூடித் திறந்தேன். பட்டை வளர்ந்திருந்தது, இடைவெளி வளர்ந்திருந்தது, எழுத்து ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டருக்கு வளர்ந்திருந்தது. ஒன்றுக்கொன்று இருந்த பொருத்தம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு ஜன்னலுக்கு இனி இடமில்லை. ஒரு கடிதத்துக்கே முழுத்திரையையும் கொடுத்தேன்.

அப்பா விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். ஆச்சி எழுதிய கடிதத்தில் ஓரிடத்தில் நின்றார். "'மணம் பேசி முடிச்சாச்சு'ன்னு எழுதியிருக்கா. மூணு சுழியும் போட்டிருக்கா பாரு," என்றார்.