பட்டியும் ஹட்டியும்

ஆடுகோடியில் (அடுகோடி என்றும் எழுதுவர்) வாழும் தமிழன்பர் ஒருவர், தம் ஊர்ப்பெயர் ‘ஆட்டுக்கொட்டில்’ என்பதன் மரூஉவே என்று உறுதியாக உரைத்தார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது; ஆயினும் ஒலி இடங்கொடுக்கவில்லை. நம் கொட்டில் கன்னடத்தில் ‘கொட்டிகெ’ என நிற்கின்றது. இரட்டித்த டகரம் அங்கே தேயவில்லை. ஆடு கன்னடத்திலும் ஆடுதான். ஏரி நிறைந்து வழியும் வாய்க்குக் கன்னடத்தார் இட்ட பெயர் கோடி. ஏரிகள் சூழ்ந்து வளர்ந்த பெங்களூரில் அப்பொருளை எண்ணிப் பாராமல் ஊர்ப்பெயரை நமதாக்கிக்கொள்வது ஆராய்ச்சி அன்று, ஆசை.

இரு மொழிக்கும் உண்மையான உறவு காட்டும் சொல் வேறொன்று உண்டு. அதுவே பட்டி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதற்குப் பசுக்கொட்டில், ஆட்டுக்கிடை, சிற்றூர் எனப் பல பொருள் தருகின்றது. இவை சிதறிய பொருள்கள் அல்ல. ஒரு வாழ்க்கையின் படிகள். எருவுக்காக வயல்தோறும் பெயர்த்துப் போடுவது கிடை. முள்வேலி கட்டி ஓரிடத்தில் நிலைக்க வைப்பது பட்டி. அதனருகே காவற்குடில் எழும். குடில் பெருகினால் ஊர். உசிலம்பட்டி, கோவில்பட்டி, ஆண்டிபட்டி என்று தென்பாண்டி நாடெங்கும் இவ்விகுதி நிறைந்திருப்பதைக் காண்கின்றோம். கொங்கு நாட்டிலும் ஈழத்திலும் மாட்டுப் பொங்கலைப் பட்டிப் பொங்கல் என்றே வழங்குவர்.

இனிக் கன்னடம். பால் ‘ஹாலு’ ஆயிற்று, புலி ‘ஹுலி’, பள்ளி ‘ஹள்ளி’. அவ்வாறே பட்டி ‘ஹட்டி’. தொழுவம், குடியிருப்பு, சிற்றூர் என்ற பொருள்கள் அங்கும் மாறவில்லை. நீலகிரிப் படகர் தம் ஊரையே ஹட்டி என்பர்.

இதைக் கண்டவுடன், “கன்னடம் நம்மிடம் கடன் பெற்றது” என மலர்தோறும் எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. அது பிழை. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவ்விரண்டையும் ஒரே பதிவில் இனச்சொற்களாக வைக்கின்றது. உடன்பிறந்தார் இருவர் பெற்றோர் வீட்டுப் பாத்திரத்தை ஆளுக்கொன்று எடுத்துச் சென்றால், ஒருவர் மற்றவருக்குக் கடன்காரர் ஆவாரோ? பள்ளியில் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகளிடம் கடன் கதையைச் சொன்னால், வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் தோழனை அவர்கள் எவ்வாறு நோக்குவர்?

(மலையாளத்தில் பட்டி என்றால் நாய். அது தனி வழக்கு. இங்கே இழுக்க வேண்டா.)

‘பட்டிக்காடு’ என்று இகழ்வதற்கும், ‘பட்டிதொட்டி’ என்று அடுக்கிச் சொல்வதற்கும் நமக்கு இச்சொல் இன்றும் பயன்படுகின்றது. இரண்டாவதிலுள்ள தொட்டியை நீர்த்தொட்டி என்று கருதுவோர் பலர். கன்னடத்தில் கால்நடை அடைக்கும் இடத்திற்குத் தொட்டி என்றே பெயர். ராமநகரப் பக்கம் செல்வோர் சாலையோரப் பலகைகளைப் படித்துப் பார்க்கட்டும். அவ்விகுதி கொண்ட ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.