பன்னிரண்டு சுரமும் வந்துட்டா போதுமா?

ஃப்ரான்ஸ் லிஸ்ட்டோட 'ஃபௌஸ்ட் சிம்ஃபனி' பத்தி எதைப் படிச்சாலும் ஒரு பாராட்டு தவறாம வரும். முதல் தீமிலேயே பன்னிரண்டு சுரங்களும் வந்துடுது, ஷோன்பெர்குக்கு அறுபது வருஷத்துக்கு மேல முன்னாடியே லிஸ்ட் அதைச் செஞ்சுட்டார்னு. எனக்கு இது தப்பான இடத்துல தட்டுற கைதட்டலாத்தான் தோணுது.

ஆக்மெண்டட் ட்ரையாட் என்பது சி, ஈ, ஜி ஷார்ப். நம்ம கணக்கில் ஸ, அந்தர காந்தாரம், சுத்த தைவதம். (மூணுமே மாயாமாளவகௌளையில இருக்கு, ஆனா நாம அதை ஒண்ணா சேர்த்து அழுத்துறதில்லை.) சாதாரண மேஜர் கார்டில் இடைவெளி நாலு அரைசுரம், அப்புறம் மூணு. இதில் நாலு, நாலு. அதுக்கு மேல இன்னொரு நாலு ஏறினா திரும்ப சி வந்துடும். ஸ்தாயி மூணு சம துண்டாகுது. அதனால எதை அடிசுரமா வச்சாலும் காதுக்கு ஒரே வடிவம்தான்.

கீபோர்டு சாவிகளுக்கு 0 முதல் 11 வரை எண் கொடுத்து, 4-ஆல் வகுத்து மீதி பாருங்க. மீதி 0, 1, 2, 3. மொத்தமே நாலு ஆக்மெண்டட் ட்ரையாட்தான் சாத்தியம். லிஸ்ட் ஏ ஃப்ளாட்டைத் தனியா ஒலிக்க விட்டு, பிறகு ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ என்று அரைசுரம் அரைசுரமா இறங்கி, ஒவ்வொண்ணுலயும் இந்தக் கார்டை உதிரிச் சுரங்களா விரிக்கிறார். நாலும் முடிஞ்சா பன்னிரண்டும் வந்தே தீரணும். அது கணக்கோட விளைவு, தீர்க்கதரிசனம் இல்லை.

அப்போ எது பெருசு? பீட்டில்ஸோட 'ஓ! டார்லிங்' (1969) முதல் கார்டைக் கேளுங்க. அதுவும் ஆக்மெண்டட்தான், ஈ மேல. ஆனா அதில் உயர்த்தின சுரம் அரைப்படி ஏறி ஏ மேஜருக்குள்ள போய் உட்காருது. பதற்றம் வீட்டுக்கு வழி காட்டிடுது. பெரும்பாலான பாடப்புத்தகங்கள் சொல்லித்தர்றதும் இந்த வேலையைத்தான். லிஸ்ட் அந்த வீட்டையே எடுத்துடறார். ஒரு ஆக்மெண்டடுக்குப் பதில் இன்னொரு ஆக்மெண்டட். ஊமையடைச்ச வயோலாவும் செல்லோவும் மட்டும், கீழ துணைக் கார்டு எதுவும் கிடையாது. எல்லாம் படிச்சும் காலூன்ற இடமில்லாத ஃபௌஸ்ட் அங்கதான் நிக்கிறான்.

மூணாவது பகுதியில் மெஃபிஸ்டோஃபிலிஸுக்குச் சொந்தத் தீம் இல்லை. ஃபௌஸ்டோட தீம்களைத் திருகிக் கேலி பண்றதுதான் அவன் வேலை. வீடே இல்லாத தீம் வளைக்க எவ்வளவு வசதி! க்ரெட்ஷனோட தீமை மட்டும் அவனால தொட முடியலை.

என் குறை முடிவில் இருக்கு. 1854-ல முதல்ல முடிச்சப்போ இல்லாத டெனர் பாடகரையும் ஆண்கள் கோரஸையும் 1857-ல சேர்த்து, சி மேஜரில் பிரம்மாண்டமா நிறுத்திட்டார். அழகுதான், மறுக்கலை. ஆனா தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு அதே சுரங்களிலிருந்து பதில் வரலை, வெளியிலிருந்து இறக்கிவச்ச பதில்.

1881-ல் 'நுவாஜ் க்ரி' என்று சின்னதா ஒரு பியானோ துண்டு எழுதினார். சாம்பல் மேகங்கள். மறுபடியும் அரைசுரமா சரியும் ஆக்மெண்டட் ட்ரையாட்கள். கோரஸ் இல்லை, சி மேஜர் இல்லை. கடைசிக் கார்டு எங்கயும் போகாம அப்படியே தொங்கி நிக்குது.